பாட்டைத் தாங்கும் நாலு தந்தி!

பெங்களூர் இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிடார் வாசிப்பவர்கள்

இரவு மணி 8. அல்சூர் பக்கம் ஒரு சந்து. விநாயகர் பந்தலுக்கு எதிரே சின்னதாக ஒரு மேடை. சீரியல் விளக்குகள் மின்னுகின்றன. முன்னால் தரையில் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள். சுவரோரம் சாய்ந்து நிற்கும் ஆண்கள்.

பாடகர் மேடைக்கு வருகிறார். கைதட்டல். பாடகி வருகிறார். விசில் பறக்கிறது. டிரம்ஸ்காரர் குச்சியை விரல்களுக்கு இடையே சுழற்றிக் காட்டுகிறார். சிறுவர்கள் கூச்சல் போடுகிறார்கள்.

மேடையின் பின்பக்க ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி இன்னொருவர் நிற்கிறார். அவர் தோளிலும் ஒரு கிடார் தொங்குகிறது. அதன் கழுத்து மற்ற கிடாரைவிட நீளம். தந்திகள் நாலே நாலு. எல்லாம் நல்ல தடிமன். அவர் ஆடுவதில்லை, சபையைப் பார்த்துச் சிரிப்பதும் இல்லை. டிரம்ஸ்காரரின் வலது காலையே பார்த்துக் கொண்டிருக்கிறார்.

"அண்ணே, அந்த ஓரத்துல நிக்கிறவரு என்ன வாசிக்கிறாரு? ஒண்ணுமே கேக்கலையே!"

எல்லாப் பந்தலிலும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். கொஞ்சம் சங்கீத ஞானம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பதில் இப்படி வரும்:

"வாசிக்கும்போது தெரியாது தம்பி. நிறுத்தினாத்தான் தெரியும்."

அதுதான் பேஸ் கிடார்.

பகலில் பேரேடு, இரவில் கிடார்

பெங்களூரில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் இன்னிசைக் குழுக்களுக்குப் பஞ்சமே கிடையாது. அல்சூர், மர்பி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் 'ஆர்கெஸ்ட்ரா' விளம்பரத் தட்டிகளைப் பார்க்கலாம். விநாயகர் சதுர்த்தி, அண்ணம்மா உற்சவம், மாரியம்மன் திருவிழா, செப்டம்பர் 8-ந் தேதி மாதா திருநாளை ஒட்டிய கொண்டாட்டங்கள், நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம், இவற்றோடு கல்யாண வரவேற்புகள். இவைதான் அவர்களுடைய மேடைகள்.

குழுவில் இருப்பவர்களில் பலருக்கு இசை முழுநேரத் தொழில் அல்ல. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை உண்டு. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-ம் ஆண்டிலும், ஐ.டி.ஐ. 1948-லும், எச்.எம்.டி. 1953-லும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-லும் இந்த ஊரில் தோன்றின. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த ஆலைகளைச் சுற்றி வேரூன்றின. பகலில் கடைசல் எந்திரத்தின் முன் நின்றவர்களும், கணக்குப் பேரேடு எழுதியவர்களும் மாலையில் ஒத்திகைக்குப் போனார்கள். எச்.எம்.டி. கடிகார ஆலை இன்று இல்லை. பின்னி மில்லும் இல்லை. ஒத்திகை மட்டும் நிற்கவில்லை. இப்போது கூரியர் கம்பெனி ஊழியரும், மருந்துக் கடை கணக்கரும், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞரும் அதே மாதிரி வேலை முடிந்து தோளில் கிடார் உறையுடன் பஸ் ஏறுகிறார்கள்.

இவர்கள் சொந்தமாக மெட்டுப் போடுகிறவர்கள் அல்ல. சினிமாவில் வந்த பாட்டை, வந்த மாதிரியே மேடையில் கொண்டுவர வேண்டும். அதுதான் அவர்களிடம் ரசிகர் எதிர்பார்ப்பது. "ரெக்கார்டு மாதிரியே இருந்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய பட்டம் வேறு இல்லை.

ஒரு கணக்கரின் கண்டுபிடிப்பு

பேஸ் கிடாருக்குச் சொந்தக்காரர் ஒரு கணக்கர் என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த லியோ பெண்டர் கணக்கியல் படித்தவர். கணக்கராகச் சில இடங்களில் வேலை பார்த்தார். பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. 1938-ம் ஆண்டு புல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். கடைக்கு வந்த இசைக் கலைஞர்கள் தங்கள் குறைகளைச் சொல்லச் சொல்ல, மின்சாரக் கிடார் செய்யும் வேலையில் இறங்கினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

அதுவரை கீழ்ச் சுருதிக்கு 'டபுள் பேஸ்' என்ற வாத்தியத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஆள் உயரம் இருக்கும். பிடில் குடும்பத்தில் தாத்தா என்று வைத்துக் கொள்ளலாம். அதைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும் பாடு. கூட்டம் போடும் சத்தத்தில் அது எடுபடவும் செய்யாது. எந்த இடத்தில் விரலை வைத்தால் சுரம் சரியாக வரும் என்பதற்கு அடையாளமும் கிடையாது.

பெண்டர் 1951-ல் இதற்கு வழி கண்டார். தோளில் மாட்டிக் கொள்ளும் அளவு; 34 அங்குல நீளத் தந்தி; கழுத்தில் சுரத்துக்குச் சுரம் உலோகக் கட்டை; ஒலியைப் பெருக்க மின்சாரம். விரலைக் கட்டைக்குப் பின்னால் வைத்தால் சுரம் பிசகாது. அதனால் அதற்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்றே பெயர் வைத்தார். இன்று மேடைகளில் காணும் பேஸ் கிடார்கள் பெரும்பாலும் அந்த அமைப்பைப் பின்பற்றியவைதான்.

சாதாரணக் கிடாரின் தடித்த நாலு தந்திகள் எந்தச் சுரமோ, அதே சுரங்கள்தான் இதற்கும். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தடித்த தந்தியை மீட்டினால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். அந்த ஒலி அலை ஒன்றின் நீளம் சுமார் 27 அடி! சந்தில் போட்ட மேடையைவிட அலை நீளம். காதைக் காட்டிலும் நெஞ்சுக்கும் பாதத்துக்கும் முதலில் தெரிவதன் காரணம் இதுதான். மனிதக் காதுக்குக் கீழ்ச் சுருதியைக் கேட்கும் திறன் குறைவு. ஆகவே பெரிய ஸ்பீக்கரும் கூடுதல் மின்சக்தியும் இல்லாமல் இந்த வாத்தியம் எடுபடாது.

அஸ்திவாரம் மாறினால் வீடு மாறும்

அப்படி இவர் என்னதான் செய்கிறார்?

முதல் வேலை, தாளத்தையும் ராகத்தையும் முடிச்சுப் போடுவது. டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கும் பெரிய டிரம் 'தும்' என்று விழும் அதே நொடியில் பேஸ் சுரமும் விழ வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரே அடி போல் கேட்கும். இம்மி பிசகினாலும் பாட்டு நொண்டும். அதனால்தான் அவர் கண் எப்போதும் டிரம்ஸ்காரரின் காலில் இருக்கிறது.

இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. கீ போர்டில் சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கீழே பேஸ் கிடார் 'சி' வாசித்தால் மலர்ச்சியாக இருக்கும். மேலே அந்த மூன்று சுரங்களும் அப்படியே ஒலிக்க, பேஸ் மட்டும் 'ஏ' வாசித்தால் ஒரு சோகம் வந்து படியும். பாடகர் எதையும் மாற்றவில்லை. கீ போர்டுகாரரும் விரலை அசைக்கவில்லை. ஓரத்தில் நிற்பவர் ஒரு சுரம் மாற்றினார். பாட்டின் முகமே மாறிவிட்டது!

மூன்றாவது, பாடகரைக் காப்பாற்றுவது. அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். "அரைக் கட்டை இறக்கிக்கலாம் தலைவரே" என்பார் மேடையிலேயே. பேஸ்காரர் கையை ஒரு கட்டு கீழே தள்ளிக் கொண்டு, அதே அமைப்பில் வாசிக்க வேண்டும். திறந்த தந்தியில் வாசித்துப் பழகியவர் அப்போது விழிப்பார். விரல் வைத்தே வாசித்துப் பழகியவர் தப்பித்துக் கொள்வார்.

இரண்டு மொழிக்கும் ஒரே தந்தி

தமிழ் இன்னிசைக் குழுக்களின் பேஸ்காரர்களைக் கேட்டால் எல்லாப் பேச்சும் கடைசியில் இளையராஜாவிடம் வந்து நிற்கும். காரணம் இருக்கிறது. பேஸ் கிடாரை வெறும் தாளத் துணையாக வைக்காமல், பாடுகிறவருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டை நடக்கவிட்டவர் அவர். பல பாடல்களில் பேஸ் பகுதியைப் பிரித்து எடுத்தால் அதுவே ஒரு பாட்டாக நிற்கும். ஓரிரு சுரங்களை வைத்து ஒப்பேற்ற வந்தவர் அந்தப் பாடல்களில் மாட்டிக் கொள்வார்.

இளையராஜாவுக்கும் கன்னட நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பே கன்னடத் திரையுலகின் பெரிய இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். பிறகு சங்கர் நாக் இயக்கிய 'கீதா' (1981), மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' (1983) ஆகிய கன்னடப் படங்களுக்கு இசையமைத்தார்.

'கீதா'வில் எஸ். பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய ஜோடிப் பாடல் ஒன்று கர்நாடகத்தில் இன்றும் மேடை தவறாமல் ஒலிக்கிறது. அதே மெட்டு 1984-ல் 'நூறாவது நாள்' படத்தில் தமிழ்ப் பாட்டாக வந்தது. 2007-ல் 'சீனி கம்' என்ற இந்திப் படத்திலும் வந்தது. பாடகருக்கு அவை மூன்று பாடல்கள். வார்த்தைகளை மூன்று தரம் மனப்பாடம் செய்ய வேண்டும். பேஸ்காரருக்கோ அது ஒரே மெட்டு.

பெங்களூர் மேடையில் இது சிறிய விஷயம் அல்ல. இங்கே முழுக்கத் தமிழ்ப் பாட்டாகவே பாடி இறங்கும் குழு அபூர்வம். கன்னடப் பாட்டில் தொடங்கி, தமிழுக்கு வந்து, தெலுங்கு, இந்தி என்று சுற்றி, மீண்டும் கன்னடத்தில் முடிப்பதே நடைமுறை. குழுவிலும் அப்படித்தான். கீ போர்டில் கன்னடக்காரர், தபேலாவில் உருது பேசுகிறவர், டிரம்ஸில் மலையாளி, பேஸில் தமிழர் என்று அமைவதுண்டு. ஊரில் மொழிப் பிரச்சினை கிளம்பிய நாட்களில் மேடைகள் மூடிக் கிடந்திருக்கின்றன. ஓய்ந்த பிறகு அதே ஆட்கள் அதே ஒத்திகை அறையில் கூடியிருக்கிறார்கள். சுருதி சேர்க்கும்போது யாரும் மொழி கேட்பதில்லை.

கண்டோன்மென்ட் காற்று

தமிழ்ப் பையன்கள் கையில் மேனாட்டு வாத்தியம் எப்படி வந்தது என்று கேட்கலாம். 1809-ல் வெள்ளையர் அமைத்த கண்டோன்மென்டை ஒட்டி வளர்ந்தவை அல்சூர், சிவாஜி நகர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகள். பட்டாளத்து பாண்டு வாத்தியமும், தேவாலயப் பாடகர் குழுவும், ஆங்கிலோ இந்தியர்களின் நடன இசையும் இந்தத் தெருக்களுக்குப் புதிது அல்ல. கிடாரை முதன்முதலில் கோயிற்பற்றுப் பாடகர் குழுவில் தொட்டுப் பார்த்த தமிழ்க் கிறிஸ்துவ இளைஞர்கள் ஏராளம்.

1970-களில் சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோட்டமும் அவருடைய சகோதரர் சுரேஷும் இருந்த 'ஹியூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழு பெங்களூரில் பேர் வாங்கியது. பின்னாளில் இந்த ஊர் அரண்மனை மைதானத்துக்கு உலகக் குழுக்களே வந்தன. 2002-ல் 'பிங்க் பிளாய்ட்' குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், 2007-ல் 'அயர்ன் மெய்டன்', 2011-ல் 'மெட்டாலிகா'. இதில் ரோஜர் வாட்டர்ஸ் பேஸ் கிடார் கலைஞர். 'அயர்ன் மெய்டன்' குழுவைத் தோற்றுவித்த ஸ்டீவ் ஹாரிசும் பேஸ் கிடார் கலைஞரே. ஓரத்தில் நிற்கும் ஆள் என்று நாம் நினைப்பவர், உலக அரங்கில் குழுவுக்கே தலைவராக இருந்திருக்கிறார்!

நகல் வாசிப்பது கேவலமா?

"அடுத்தவன் பாட்டைத்தானே வாசிக்கிறான்" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் 'பீட்டில்ஸ்' கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

உலகப் புகழ் பெறுவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில், பெரும்பாலும் மற்றவர்களின் பாடல்களைத்தான் விடிய விடிய வாசித்தார்கள். 1961-ல் அவர்களுடைய பேஸ்காரர் குழுவை விட்டுப் போனார். அந்த வாத்தியத்தை எடுக்க மற்றவர்களுக்கு ஆசை இல்லை. பால் மெக்கார்ட்னி ஏற்றுக் கொண்டார். இடது கைக்காரரான அவர், பிடில் வடிவத்தில் இருந்த விலை குறைந்த 'ஹாப்னர்' பேஸ் கிடார் ஒன்றை அங்கேயே வாங்கினார். வேண்டாவெறுப்பாக வந்த பொறுப்பு அவரை உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞர்களில் ஒருவராக ஆக்கியது. அந்தக் கிடார் 1972-ல் லண்டனில் திருட்டுப் போனது. அது மீண்டும் அவர் கைக்கு வந்து சேர்ந்த செய்தி 2024-ல் வெளியானது!

நம் ஊர்க் குழுக்களிலும் இதே கதைதான். குழு சேரும்போது நாலு பேரும் லீட் கிடார் வாசிக்கவே ஆசைப்படுவார்கள். யாராவது ஒருவர் விட்டுக் கொடுக்க வேண்டும். விட்டுக் கொடுக்கிறவர் கையில் பேஸ் வந்து சேருகிறது.

விரலில் காய்ப்பு, சுவரில் அதிர்வு

கற்பது எளிது என்று தோன்றும். ஆறுக்குப் பதில் நாலு தந்திதானே! முதல் மாதத்தில் விரல் நுனி எரியும். பிறகு காய்த்துப் போகும். கட்டுகள் அகலமாக இருப்பதால் சுண்டு விரலுக்கும் வேலை உண்டு. வாசிப்பதைப் போலவே, தந்தியைச் சரியான நேரத்தில் அமுக்கி ஒலியை நிறுத்துவதும் வித்தை. ஒரு சுரம் நீண்டுவிட்டால் அடுத்த சுரத்தோடு கலந்து குழம்பிவிடும்.

அந்தக் காலத்தில் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டி, பேஸ் எங்கே போகிறது என்று காதால் தேடி எடுத்தார்கள். நாடா தேய்ந்து அறுந்ததும் உண்டு. இப்போது எல்லாப் பாட்டும் செல்போனில் கிடைக்கிறது. ஆனால் செல்போனில் உள்ள சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ்ச் சுருதியை எழுப்பும் சக்தி கிடையாது. காதில் நல்ல ஹெட்போன் மாட்டினால்தான் பேஸ் வெளிவரும். "இத்தனை வருஷமா கேட்ட பாட்டுல இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாதே" என்று வியப்பவர்கள் இதனால்தான் வியக்கிறார்கள்.

வீட்டில் பழகுவதிலும் ஒரு சிக்கல். வாடகை வீடு, பக்கத்துக் குடித்தனத்துக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர். மெல்லிய சத்தத்தைச் சுவர் தடுக்கும். கீழ்ச் சுருதி சுவரைத் தாண்டிப் போகும். அடுத்த வீட்டுப் பாத்திரம் அதிரும். அதனால் ஆம்ப்ளிபயர் போடாமல், மரத்தின் மேல் காதை வைத்துக் கொண்டு வாசித்துப் பழகுகிறவர்கள் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அந்த மனிதருக்கு மட்டும் கேட்கிற கச்சேரி அது.

முதலில் கழிக்கப்படும் ஆள்

இன்றைக்கு இந்த வாத்தியத்துக்கு மேடையில் ஒரு சோதனை வந்திருக்கிறது.

விழாக் குழுவினர் பணத்தைக் குறைத்தால், குழு நடத்துகிறவர் ஆளைக் குறைக்க வேண்டும். பாடகரைக் குறைக்க முடியாது. தாளத்தைக் குறைக்க முடியாது. "பேஸை கீ போர்டுலயே இடது கையால வாசிச்சுக்கலாம்" என்ற யோசனை முதலில் வருகிறது. அடுத்த படி, பின்னணி இசை முழுவதையும் 'டிராக்' ஆகப் போட்டுவிட்டுப் பாடகர் மட்டும் மேடையில் நிற்பது. செலவு மிச்சம். ஒலி பெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு சலுகை தரலாம். விதி நல்லதுதான், நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் உள்ள ஊர். ஆனால் கிடைப்பதே இரண்டு மூன்று மணி நேரம் என்றான பிறகு, நாலைந்து வாத்தியத்துக்கு ஒயர் மாட்டிச் சரி பார்க்க யாருக்குப் பொறுமை?

ஆனால் டிராக்குக்கு ஒரு குறை உண்டு. பாடகர் ஓர் அடியை விட்டுவிட்டால் அது காத்திருக்காது. ரசிகர்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்டு, சரணத்தை மட்டும் திரும்பப் பாடச் சொன்னால் அதற்குத் தெரியாது. முதியவர் ஒருவர் எழுந்து ஆடத் தொடங்கினால் அவருக்காக வேகத்தைத் தளர்த்தத் தெரியாது. மனிதர் வாசித்தால் இவை எல்லாம் நடக்கும். பாடகர் தடுமாறும்போது பேஸ்காரர் இரண்டு சுற்று அதே இடத்தில் நின்று, அவர் வந்து சேரும்வரை பிடித்து வைத்திருப்பார். சபைக்கு எதுவும் தெரியாது. பாடகருக்குத் தெரியும்.

இந்த வாத்தியத்திலிருந்து மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஏ. ஆர். ரகுமானின் இசையில் நெடுங்காலம் பேஸ் கிடார் வாசித்த கீத் பீட்டர்ஸ் சென்னைக்காரர். 2011-ல் 'கோ' படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் பாடிப் புகழ் பெற்ற ஆலாப் ராஜு அடிப்படையில் பேஸ் கிடார் கலைஞர். ஆனால் பந்தல் மேடையில் நிற்கிறவர்களில் பலருக்கு அந்தக் கனவு இல்லை. மாதம் முழுவதும் பிறர் சொன்ன வேலையைச் செய்கிற கைக்கு, இரண்டு மணி நேரம் தன் இஷ்டப்படி ஒரு வேலை. அது போதும் என்று வாசிக்கிறார்கள்.

பத்து மணிக்குப் பிறகு

அல்சூர் சந்தில் கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது. பாடகர்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள். செல்போனில் படம் எடுத்துக் கொள்கிறார்கள். ஓரத்து மனிதர் குனிந்து ஒயரைச் சுருட்டுகிறார். ஆம்ப்ளிபயர் பெட்டியை ஏற்ற ஆட்டோ வர வேண்டும். காலை 8 மணிக்கு அவர் வேலையில் இருக்க வேண்டும்.

ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் மேடையில் ஏறி நிற்கிறான்.

"அங்கிள், இது சத்தமே வராத கிடாரா?"

அவர் சிரிக்கிறார். அன்று மாலை மேடை ஏறியதிலிருந்து முதல் சிரிப்பு. சுருட்டிய ஒயரைத் திரும்ப மாட்டுகிறார். ஒலியைக் குறைத்து வைக்கிறார். பையனின் உள்ளங்கையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைக்கிறார். தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டுகிறார்.

பையனின் கண்கள் விரிகின்றன. கையை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"இன்னொரு தடவை, அங்கிள்!"